யாருடைய மரபு, யாருடைய பெயர்?
அயர்லாந்துப் பெண்களின் பெயர்கள் குறித்துச் சில குறிப்புகள்

பாஸ்டனிலோ சிட்னியிலோ லண்டனிலோ குடியிருக்கும் ஓர் அயர்லாந்துத் தம்பதி, தங்களுக்குப் பிறந்திருக்கும் பெண்குழந்தைக்கு 'மரபான' ஐரிஷ் பெயர் ஒன்றைத் தேடுவதாக வைத்துக்கொள்வோம். வெகு சாதாரணமாக நடக்கிற காரியம் இது. இதற்கென்றே கையடக்கப் பெயர்ப் புத்தகங்கள் உண்டு. அகர வரிசையில் பெயர், பக்கத்தில் அதை உச்சரிக்கும் விதம், அதற்கும் பக்கத்தில் 'வெண்தோளி', 'ஒளி', 'விடுதலை' என்று ஒற்றைச் சொல்லில் ஒரு பொருள். அந்தப் பெயரை எந்தப் பெண் சுமந்தாள், எந்த ஊரில் சுமந்தாள், எப்போது அதைக் கழற்றி வைத்தாள், யார் கழற்ற வைத்தார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் அவற்றில் இருப்பதில்லை. "பெயர்தானே, வாயில் நுழையிற மாதிரி நல்லதா ஒண்ணு வச்சுட்டுப் போகவேண்டியதுதானே" என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் வேலையில்லை. 'மரபு' என்ற அந்த அடைமொழி எங்கிருந்து வருகிறது, அதற்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்று கேட்பவர்களோடுதான் நமக்குப் பேச்சு.

கருத்துநிலை குறித்த 1970ஆம் ஆண்டுக் கட்டுரையில் அல்தூஸர் பிறக்காத குழந்தையைப் பற்றி ஓரிடத்தில் பேசுகிறார். குழந்தை வருவதற்கு முன்பே அதற்கான இடம் போட்டாகிவிட்டது. தகப்பன் பெயரைச் சுமக்கப் போகிறது என்பது முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது. ஆகவே அது பிறக்கும் முன்பே தன்னிலையாகிவிடுகிறது என்பது அவர் வாதம். தெரிதாவோ, லெவிஸ்ட்ராஸின் நம்பிக்வாரா சிறுமிகள் கதையை மறுவாசிப்புச் செய்யும்போது இன்னும் ஒருபடி மேலே போய், பெயரிடுதல் என்பதிலேயே ஆதி வன்முறை ஒன்று இருக்கிறது என்கிறார். இரண்டு பேருமே அல்ஜீரியாவில் பிறந்தவர்கள். காலனியம் அவர்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல. ஆனாலும் பெயரிடுகிற குடும்பத்தையே இன்னொருவன் பெயரிட்டு அதட்டிக் கூப்பிடுகிற இடத்தில் இந்த வாதங்கள் என்ன ஆகின்றன என்பதை அவர்கள் பெரிதாகத் தொடரவில்லை. அதைப் பார்க்க ஐரோப்பாவுக்குள் அயர்லாந்தைவிடத் தோதான இடம் எனக்குத் தென்படவில்லை.

சட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாம். 1366இல் இயற்றப்பட்ட கில்கென்னிச் சட்டங்கள், அயர்லாந்தில் குடியேறியிருந்த ஆங்கிலேயர்கள் ஐரிஷ் முறையில் பெயர் வைத்துக்கொள்வதைத் தடைசெய்தன. கவனிக்க வேண்டும்: தடை ஐரிஷ்காரர்களுக்கு அல்ல, ஆளவந்தவர்களுக்கு. வந்தவர்கள் இந்த மண்ணின் பேச்சையும் உடையையும் பெயரையும் எடுத்துக்கொண்டு கரைந்துபோகிறார்களே என்ற பீதி அது. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தையும் ஆங்கிலப் பெயரையும் காப்பாற்ற வந்த அந்தச் சட்டமே ஆங்கிலத்தில் எழுதப்படவில்லை. நார்மன் பிரெஞ்சில் எழுதப்பட்டது. பிறகு நூறு வருசம் கழித்து, 1465இல், கை மறுபக்கம் திரும்புகிறது. டப்ளினைச் சுற்றியிருந்த ஆங்கிலேய ஆட்சிப் பகுதியில் வசிக்கும் ஐரிஷ்காரர்கள் ஆங்கிலக் குலப்பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டாக வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒரு ஊர்ப் பெயர், அல்லது கறுப்பு வெள்ளை பழுப்பு என்று ஒரு நிறம், அல்லது கொல்லன் தச்சன் சமையற்காரன் என்று ஒரு தொழில். இவற்றில் எதையாவது பொறுக்கிக்கொள்ளலாம். தாராளமனசுதான்.

இந்த இடத்தில் 'மரபு' பேசுகிறவர்களைக் கொஞ்சம் சங்கடப்படுத்த வேண்டியிருக்கிறது. 1169இல் நார்மானியர் படையோடு வந்து இறங்கினார்கள். அவர்களோடு அவர்கள் பெண்களின் பெயர்களும் இறங்கின. இன்றைக்கு எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் சுத்தமான ஐரிஷ் பெண்பெயர் என்று முன்னால் நிற்கிற ஷிவான், ஷினேட் ஆகியவை பழைய பிரெஞ்சின் ழானும் ழானெத்தும்தான். காட்லீன் என்பது காதரினின் பிரெஞ்சு வடிவத்திலிருந்து வந்தது. மார்கரெட்டிலிருந்து மரேட் வந்தது. ஷீலா என்பது செசீலியா. (நம்மூர் ஷீலாக்களுக்கும் இதற்கும் ஒட்டில்லை, அது சீலம் என்ற வடசொல்லின் வழி வந்தது. ஒலி ஒன்றானதால் ரத்த உறவு கொண்டாட முடியாது.) வந்தவனின் பெயரை எடுத்து, தன் மொழியின் ஒலிகளுக்குள் போட்டு ஊறவைத்து, கொண்டுவந்தவனே அடையாளம் காணமுடியாதபடி ஆக்கிவிட்டார்கள் ஐரிஷ் தாய்மார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு மொழி உயிரோடிருந்தபோது எப்படி நடந்துகொண்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தூய்மை என்பது பின்னால் வந்த கவலை.

இனி பிரீஜ். ஆங்கிலத்தில் பிரிட்ஜெட். கிறிஸ்தவத்துக்கு முன்பு தெய்வமாகவும் பின்பு கில்டேரின் புனிதையாகவும் அறியப்பட்ட இந்தப் பெயரை இடைக்கால அயர்லாந்தில் பெண்களுக்குச் சாதாரணமாக வைத்ததில்லை. அவ்வளவு புனிதம். வேண்டுமானால் ஆண்பிள்ளைக்கு 'பிரீஜின் சேவகன்' என்று பெயர் வைக்கலாம். நமக்குப் புரியும்படி சொன்னால் 'தாசன்' போட்டு வைக்கிற பெயர் மாதிரி. மேரிக்கும் இதே கதைதான். மாதாவைக் குறிக்கும் 'முய்ரே' என்ற வடிவம் மாதாவுக்கு மட்டும். மனுசிகளுக்கு 'மாய்ரே' என்று தனியாக ஒரு வடிவம். உயர்ந்த பெண்ணின் பெயர் சாதாரணப் பெண்ணின் உடம்பில் பட்டுவிடக்கூடாது என்ற இந்த ஏற்பாடு காலனியம் கொண்டுவந்ததல்ல. உள்ளூர்ச் சரக்கு.

பிற்காலத்தில் இந்தத் தயக்கம் உடைந்து, பிரிட்ஜெட் என்பது வீட்டுக்கு வீடு, குடிசைக்குக் குடிசை வைக்கிற பெயராகப் பரவியது. 1845இலிருந்து 1852வரை நீடித்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் கப்பலேறினார்கள். அதற்குப் பிறகும் கப்பல் நிற்கவில்லை. இதில் ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் பார்க்கமுடியாத விசேசம், போனவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் பெண்கள் என்பது; அவர்களிலும் பெரும்பாலோர் கல்யாணமாகாத, தனியாகப் போன பெண்கள். பாஸ்டன், நியூயார்க் வீடுகளின் அடுக்களைகளுக்குள் போனார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பிய பணத்தில் தங்கைகள் கப்பலேறினார்கள். சீக்கிரத்திலேயே 'பிரிட்ஜெட்', அதன் சுருக்கமான 'பிடி' ஆகிய இரண்டும் அமெரிக்க ஆங்கிலத்தில் ஒரு பெண்ணின் பெயராக இல்லாமல் வேலைக்காரி என்பதற்கான பொதுச்சொல்லாயின. 'பக்' என்ற நகைச்சுவை இதழ் 1883இல் வெளியிட்ட கேலிச்சித்திரம் ஒன்றில், மலைபோல் ஓர் ஐரிஷ் சமையற்காரி முஷ்டியை உயர்த்திக்கொண்டு நிற்க, எதிரே எஜமானி ஒடுங்கிப்போயிருக்கிறாள். யார் யாரை ஒடுக்கினார்கள் என்பதைச் சித்திரம் அப்படியே தலைகீழாகப் போட்டுவிட்டது. பெயரே இழிசொல்லான பிறகு அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்? டீலியா ஆனார்கள். பெர்த்தா ஆனவர்கள் உண்டு. தங்கள் மகள்களுக்கு அந்தப் பெயரை வைக்காமல் தவிர்த்தவர்கள் ஏராளம்.

எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரிகள்தான் பெயரை மாற்றினார்கள் என்றொரு கதை எல்லாப் புலம்பெயர் குடும்பங்களிலும் உலவுகிறது. அது கதைதான். பயணிகள் பட்டியல் கிளம்பிய துறைமுகத்திலேயே கப்பல் கம்பெனி ஆட்களால் தயாரிக்கப்பட்டது. தீவிலிருந்தவர்கள் அதைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். 1892 ஜனவரி 1ஆம் தேதி அந்தத் தீவின் வழியாக முதலில் நுழைந்தவள் கார்க் பகுதியிலிருந்து வந்த 17 வயதுப் பெண், ஆனி மூர். ஆனி! ஆங்கிலப் பெயரோடுதான் அவள் இறங்கினாள். ஆக, பெயர் கடலைக் கடக்கும் முன்பே, வீட்டிலேயே, மாறிவிட்டிருந்தது.

*

வீட்டில் அது எப்படி மாறியது? ஒரு குழந்தைக்கு மூன்று மொழியில் மூன்று பெயர் இருந்தது. அடுப்படியில் ஐரிஷ். மாதாகோயில் பதிவேட்டில் பாதிரியார் எழுதுகிற லத்தீன். 1864 ஜனவரியிலிருந்து எல்லாப் பிறப்புகளுக்கும் கட்டாயமான அரசுப் பதிவேட்டில் ஆங்கிலம். இவற்றில் எது 'உண்மையான' பெயர் என்ற கேள்விக்கு அதிகாரம் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தது. 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்தில் நடந்தன. ஐரிஷ் பேசினால் கழுத்தில் தொங்கும் குச்சியில் ஒரு வெட்டு விழும், மாலையில் வெட்டுக்கு ஒன்றாக அடி விழும் என்ற பழக்கம் பல ஊர்களில் இருந்தது. இதில் பெற்றோரும் உடந்தை என்பதுதான் வயிற்றைப் பிசைகிற சமாச்சாரம். பிள்ளை கப்பலேற வேண்டும். கப்பலுக்கு ஆங்கிலம் வேண்டும். 1851 கணக்கெடுப்பில் சுமார் 15 லட்சம் பேர் ஐரிஷ் பேசினார்கள். 1901இல் அது 6.4 லட்சம்.

பெயர்கள் 'மொழிபெயர்க்கப்பட்ட' விதத்தைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. பாட்ரிக் வுல்ஃப் என்ற பாதிரியார் 1923இல் வெளியிட்ட ஐரிஷ் பெயர்கள், குலப்பெயர்கள் பற்றிய பெரிய நூல் இந்த ஆள்மாறாட்டத்துக்கு ஓர் அகராதி. ஊனா என்பவள் ஆக்னஸ் ஆனாள், வினிஃபிரெட் ஆனாள். கோர்ம்லா என்பவள் பார்பரா ஆனாள். ஸைவ் என்பவள் சாலி, சோஃபியா, சபீனா. இவற்றுக்கிடையே பொருளொற்றுமை கிடையாது. பல இடங்களில் ஒலியொற்றுமைகூடக் கிடையாது. ஒரு மொழியின் பெண் இன்னொரு மொழியின் பெண்ணுக்குச் சமம் என்று எழுத்தர் ஒருவர் முடிவுசெய்துவிட்டால் தீர்ந்தது. கோப்னட் என்ற பெயரில் மட்டும் யாருடைய மூளையோ வேலை செய்திருக்கிறது. கோப்னட் தேனீ வளர்ப்பவர்களின் புனிதை. அதனால் அவள் டெபோரா ஆனாள், எபிரேயத்தில் டெபோரா என்றால் தேனீ. அதே கோப்னட் வேறு ஊர்களில் அபிகெயிலும் ஆனாள். இங்கிலாந்தில் 'அபிகெயில்' என்பது சீமாட்டிக்கு ஊழியம் செய்கிற தாதிக்கான பொதுச்சொல். சுற்றிச் சுற்றி எங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் பாருங்கள்.

டக்ளஸ் ஹைட் 1892 நவம்பரில் டப்ளினில் ஆற்றிய புகழ்பெற்ற உரை, அயர்லாந்தை ஆங்கிலமயத்திலிருந்து மீட்பது பற்றியது. பாட்டு, விளையாட்டு, உடை ஆகியவற்றோடு, தங்கள் பெயர்களைப் பற்றி வெட்கப்பட்டு மாற்றிக்கொள்ளும் ஜனங்களைப் பற்றியும் அதில் கசப்போடு பேசினார். அடுத்த வருசம் கேலிக் சங்கம் உருவானது. ஹைட் ஆங்கிலேய வழிவந்த புராட்டஸ்டண்ட் பாதிரியாரின் மகன், 1938இல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானவர். பெயரை மீட்கும் வேலையைத் தொடங்கியவர்களில் பலர் பெயர் பறிபோனவர்களின் வீட்டுப் பிள்ளைகள் அல்ல என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொண்டு நகரலாம்.

1905இல் ஒரு வழக்கு. டோனகாலைச் சேர்ந்த நீயல் மாக் கில்லா வ்ரீஜே தன் வண்டியில் தன் பெயரை ஐரிஷ் எழுத்தில் எழுதியிருந்தார். வண்டிக்காரன் பெயர் படிக்கும்படியான எழுத்தில் இருக்கவேண்டும் என்பது சட்டம். யாருக்குப் படிக்கும்படி? வழக்கு மேல் நீதிமன்றம்வரை போனது. வாதாடியவர் பாட்ரிக் பியர்ஸ், பதினொரு வருசம் கழித்து ஈஸ்டர் எழுச்சிக்காகச் சுடப்பட்டவர். வக்கீலாக அவர் நீதிமன்றத்தில் நின்றது இந்த வழக்குக்காகத்தான் பிரதானமாக நினைவுகூரப்படுகிறது, தோற்றார். தேசிய வரலாறு இதை ஒரு விவசாயியின் பெயருக்கான போராட்டம் என்று சொல்லும். சரிதான். ஆனால் அந்தக் குலப்பெயரைப் பிரித்துப் பாருங்கள்: 'பிரீஜின் சேவகனுடைய மகன்'. வண்டிப் பலகையில் ஆணின் பெயருக்குள் அந்தப் பெண் கௌரவமாக உட்கார்ந்திருக்கிறாள். அதே வருசத்தில் அவள் பெயர் தாங்கிய ஆயிரக்கணக்கான பெண்கள் பாஸ்டனில் தரை துடைத்துக்கொண்டு 'ஏ பிடி' என்று கூப்பிடப்படுகிறார்கள். முன்னதற்கு வக்கீல் கிடைத்தார்.

இதே காலத்தில் பெண்கள் தாங்களாகச் செய்த ஒரு காரியம் உண்டு. 1900இல் மாட் கோன் தொடங்கிய 'அயர்லாந்தின் புதல்விகள்' அமைப்பில் சேர்ந்த பெண்கள் ஐரிஷ் பெயர் ஒன்றைத் தாங்களே தேர்ந்து சூடிக்கொண்டார்கள். பாதி தேசப்பற்று, மீதி, கடையிலும் ஆபீசிலும் வேலை கொடுத்த முதலாளிக்குத் தெரியக்கூடாதே என்ற தற்காப்பு. மாட் கோன் எடுத்துக்கொண்டது மேவ். கோனக்ட் நாட்டு ராணி. பழங்கதையில் ஒரு காளைக்காகப் படையெடுத்துப் போனவள், நம் இலக்கணத்தில் சொன்னால் வெட்சி மறத்தி. பெயரின் பொருள் 'மயக்குபவள்'. அதன் வேர் நமக்கு வடமொழி வழியாக வந்த 'மது' என்ற சொல்லின் வேரோடு ஒன்று. பெயர் கொடுக்கப்படுவதற்கும் எடுத்துக்கொள்ளப்படுவதற்கும் உள்ள தூரத்தை இந்த அமைப்பின் பெண்கள் அளந்து பார்த்தார்கள் என்பேன். பெயர்ப் புத்தகங்களில் மேவ் இருக்கிறாள். அந்தக் கடைப்பெண்கள் இல்லை.

தேசத்தைப் பெண்ணாக உருவகிக்கும் நோய் அயர்லாந்துக்கும் உண்டு. ஏரே என்ற நாட்டுப் பெயரே ஒரு தேவியின் பெயர். ரோஷீன், காட்லீன் எல்லாம் தேசத்தின் மாறுபெயர்களாகக் கவிதையிலும் நாடகத்திலும் திரும்பத் திரும்ப வந்தவை. இப்படி வைத்துவிட்டால் பெண்ணுக்குப் பேச வேலையில்லை. அவளுக்காகச் சாவதற்கு ஆண்கள் வரிசையில் நிற்பார்கள். ஈவன் போலண்ட் என்ற கவிஞர் 1989இல் வெளியிட்ட சிறு பிரசுரம் இந்த உருவகத்தை எதிர்த்த முக்கியமான குரல். தூதராக இருந்த தந்தையோடு சிறுவயதிலேயே லண்டனுக்குப் போய் அங்கே பள்ளியில் படித்தவர் அவர். தேசத்துக்கு வெளியே தேசத்தின் பெண்ணாக வளர்வது என்னவென்று தெரிந்தவர்.

*

முதற்பெயரோடு கதை முடிவதில்லை. ஐரிஷில் குலப்பெயர் ஆணுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. தகப்பன் ஓ முர்ஹூ என்றால் மகள் நீ வுர்ஹூ, மனைவி ஈ வுர்ஹூ. 'நீ' என்பது மகள் என்ற சொல்லின் தேய்வு. அதை அடுத்து வரும் மெய் மெலிகிறது. மகள் என்பதே அவள் குலப்பெயரின் இலக்கணம். கல்யாணமானால் 'நீ' போய் 'ஈ' வருகிறது. நான்கு பேர் கொண்ட குடும்பம் மூன்று குலப்பெயரோடு வெளிநாட்டு விமான நிலையத்தில் போய் நின்றால், "இது உங்கள் குழந்தைதானா?" என்ற கேள்வியை எதிர்பார்க்கலாம்.

ஆனால் மனைவியானதும் பெயர் மாறுவது மரபுதானா? மேற்குக் கடற்கரையின் கப்பல் தலைவி க்ரானியா நீ வாலியா (சுமார் 1530–1603) இரண்டு முறை மணம் செய்துகொண்டவள். கடைசிவரை அவள் நீ வாலியாதான், தன் தகப்பன் வழிப் பெயரோடுதான் இருந்தாள். பழைய கேலிக் சமூகத்தில் அதுதான் வழக்கம். கணவன் பெயரைச் சூடுவது ஆங்கில வழக்கத்தின் செல்வாக்கு. 1593இல் கிரீனிச்சில் அவள் முதலாம் எலிசபெத்தை நேருக்கு நேர் சந்தித்தாள். அவளைப் பற்றிய ஆவணங்களை நமக்கு விட்டுவைத்தவர்கள் எதிரிகளான ஆங்கில அதிகாரிகள். தோன்றியபடியெல்லாம் அவள் பெயரை எழுத்துக்கூட்டினார்கள், ஆனாலும் எழுதினார்கள். 1630களில் ஐரிஷ் துறவிகள் உட்கார்ந்து தொகுத்த மாபெரும் ஆண்டுநூலில் அவள் பெயர் இல்லை. எதிரி பிழையோடு எழுதுகிறான், உறவு எழுதாமல் விடுகிறது. எது பெரிய வன்முறை என்று தெரிதாவைக் கேட்கலாம்.

விடுதலைக்குப் பிறகாவது? 1922இல் ஐரிஷ் தேசிய மொழியானது, 1937 அரசியல் சட்டம் அதை முதல் ஆட்சிமொழியாக்கியது. பெண்குழந்தைகளுக்கு வைத்த பெயர் என்னவோ மேரிதான். 1960களிலும் முதலிடம் மேரிக்கே. மொழி அரசுடையது, மகள் திருச்சபையுடையவள் என்று பாகப்பிரிவினை நடந்துவிட்டது போலும். அந்தத் திருச்சபையின் பொறுப்பிலிருந்த மக்தலேன் சலவைக்கூடங்களில் அடைக்கப்பட்ட பெண்களுக்கு உள்ளே நுழைந்ததும் வேறு பெயர் வைக்கப்பட்டது. மணமாகாத தாய்மார்களுக்கான இல்லங்களிலும் 'இல்லப் பெயர்' என்ற ஒன்று உண்டு. சொந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவளின் நிஜப் பெயர் வருசக்கணக்கில் தெரியாது. கடைசிச் சலவைக்கூடம் டப்ளினில் 1996 அக்டோபரில்தான் மூடப்பட்டது. காலனிய எழுத்தர் ஸைவை சாலியாக்கினார் என்று கொதிக்கிற தேசியவாதிக்கு, சுதந்திர நாட்டின் கன்னியாஸ்திரி மேரியை இன்னொரு புனிதையாக்கியதில் கொதிப்பு வந்ததாகத் தெரியவில்லை. 2013 பிப்ரவரியில் மக்தலேன் அறிக்கை வெளிவந்து பிரதமர் மன்னிப்புக் கேட்கும்வரை இது அரசு பேசுகிற விசயமாகவே இல்லை.

*

இனி அந்தத் தம்பதியிடம் திரும்பலாம். அவர்கள் கையிலிருக்கும் புத்தகத்தில் இப்போது அதிகம் விரும்பப்படுவது ஸீர்ஷா. பொருள் 'விடுதலை'. பழைய ஏடுகளில் இப்படியொரு பெண்பெயர் கிடையாது. 20ஆம் நூற்றாண்டின் அரசியலில் பிறந்த பெயர் இது. எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆனால் மரபு என்று விற்காதீர்கள், போராட்டம் என்று சொல்லுங்கள். நடிகை ஸீர்ஷா ரோனன் 1994இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், பிழைக்கப்போன ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் நடிப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் பெயரை எப்படிச் சொல்வது என்றுதான் அவரைக் கேட்டார்கள். அவரே தன் பெயரை ஸர்ஷா என்கிறார். அயர்லாந்துக்குள் ஸீர்ஷா உண்டு, ஸேர்ஷா உண்டு, வட்டாரத்துக்கு ஒன்று. 2021இல் அயர்லாந்திலேயே முதலிடம் பிடித்த பெயர் ஃபீயா, அதுவும் புதுப்பெயர். எரின், காலீன் ஆகியவை இன்னும் விசேசம். அயர்லாந்தில் யாரும் மகளுக்கு வைக்காத காலத்திலேயே அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் புலம்பெயர்ந்தவர்கள் உருவாக்கிக்கொண்டவை. காலீன் என்பது வெறுமனே 'பொண்ணு'. ஏக்கம் ஒரு பொதுச்சொல்லைப் பிடித்துப் பெயராக்கிக்கொண்டது. காட்லீன் என்ற பெயரை எழுத்தை மட்டும் பார்த்து அமெரிக்கர்கள் 'கேட்லின்' என்று வாசித்தார்கள். அந்தத் தப்பு வாசிப்பே தனிப் பெயராகி, பல எழுத்துக்கூட்டல்களில் லட்சக்கணக்கான பெண்களுக்கு வைக்கப்பட்டுவிட்டது. நார்மன் பெயரை ஐரிஷ்காரி தன்னுடையதாக்கினாள் என்றால் இதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எழுத்துக்கூட்டல் பற்றிப் புலம்பாத பெற்றோர் இல்லை. ஸைவ் என்ற ஓரசைப் பெயருக்கு ரோமன் எழுத்தில் எஸ், ஏ, டி, எச், பி, எச் என்று ஆறு எழுத்து. அந்த 'எச்'சுகள் பழைய ஐரிஷ் எழுத்தில் கிடையாது. மெய்யின் தலைமேல் ஒரு புள்ளி, அவ்வளவுதான். (மெய்யின் தலையில் புள்ளி என்றால் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை, வேலை மட்டும் வேறு. அங்கே அது மெய்யை மெலிவிக்கிற புள்ளி.) 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அச்சு வசதிக்காக ரோமன் எழுத்துக்கு மாறியபோது ஒவ்வொரு புள்ளியும் ஒரு 'எச்' ஆனது. அச்சுக்கோப்பவரின் சௌகரியத்துக்காக நடந்த காரியத்தை மொழியின் கிறுக்குத்தனம் என்று லண்டன் வகுப்பறை சிரிக்கிறது. உயிரெழுத்தின் மேல் விழும் சாய்கோட்டின் கதை இன்னும் மோசம். அந்தக் கோடு போனால் புல் மனிதனாகிவிடும். இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் கோடு ஒன்றுதான். கலிபோர்னியாவில் 1986இல் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கியதன் பின்விளைவாகப் பிறப்புச் சான்றிதழில் 26 எழுத்துக்கு மேல் எதற்கும் இடமில்லாமல் போனது. ஸ்பானியப் பெயர்களை வெட்டவந்த கத்தி ஐரிஷ் பெயர்களையும் வெட்டியது. அயர்லாந்து அரசு அலுவலகங்களின் கணிப்பொறிகளே அந்தக் கோட்டைப் பதிவுசெய்தாக வேண்டும் என்று சொல்வதற்கு 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வரவேண்டியிருந்தது.

"பாவம் பிள்ளை, ஆயுசு முழுக்க எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டே திரிய வேண்டுமா?" என்ற கேள்வி நியாயமானதுதான். 1974இல் பிரிட்டனில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்தபிறகு துறைமுகங்களில் ஐரிஷ்காரர்கள் நிறுத்திவைத்து விசாரிக்கப்பட்டார்கள். வட அயர்லாந்தில் பெயரைக் கேட்டதுமே மதத்தை ஊகிப்பது ஒரு தற்காப்புக் கலை. பெல்ஃபாஸ்டின் சில தெருக்களில் ஷிவான் என்று சொல்வது எந்தப் பக்கம் என்று சொல்வதுதான். இதையெல்லாம் தெரிந்துகொண்டு எளிய பெயர் வைத்த தாயை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் ஆபத்து விலகிய இடத்தில், வெறும் குமாஸ்தாவின் சௌகரியத்துக்காகப் பெயரைச் செதுக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. குமாஸ்தா கொஞ்சம் கஷ்டப்படட்டுமே. நூலா நீ கோனல் 1952இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தவர். ஐந்து வயதில் கெர்ரியின் ஐரிஷ் பேசும் பகுதிக்கு அத்தை வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பின்னால் ஐரிஷில் மட்டுமே கவிதை எழுதுவது என்று தீர்மானித்தவர். உலகம் அவர் பெயரைச் சொல்லப் பழகிக்கொண்டது.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்திருக்கிறது. டைரோன் மாவட்டத்தில் 1867இல் பிறந்த மார்கரெட் நோபிள் 1898இல் கல்கத்தாவில் விவேகானந்தரிடம் பெயர் பெற்றாள்: நிவேதிதா, 'படைக்கப்பட்டவள்'. பாரதி அவரைக் குருவாகக் கொண்டு தன் முதல் நூல்களைக் காணிக்கையாக்கினார். இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நிவேதிதா என்ற பெயரில் எத்தனை பெண்கள்! தங்கள் பெயருக்குள் ஓர் அயர்லாந்துப் பெண் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பெயரிலும் படைத்தவர் யார், படைக்கப்பட்டவள் யார் என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது.

மரபு, மரபு என்கிறார்களே, அயர்லாந்துக் கிராமங்களில் பெரும்பாலும் நிலவிய வழக்கம் என்ன? மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர், அடுத்தவளுக்குத் தகப்பனின் தாய் பெயர். அந்த வழக்கப்படி போனால் கிடைப்பது ஸீர்ஷாவோ ஃபீயாவோ அல்ல. பிரிட்ஜெட், மார்கரெட், நோரா, மேரி. புத்தகம் புரட்டும் தம்பதி தாண்டிப்போகிற பெயர்கள் இவைதான். காரணம் எளிது. மேவ் ராணி. ஃபினூலா அன்னமாக மாறித் தம்பிகளோடு 900 ஆண்டு தண்ணீரில் அலைந்த இளவரசி. பிரிட்ஜெட் பாட்டியோ பாஸ்டனில் பிறத்தியார் துணி துவைத்தவள். பரம்பரையில் ராணியைத் தேடுகிறவர்கள் கண்ணுக்குச் சலவைக்காரி தட்டுப்படமாட்டாள். 2023இலிருந்து அயர்லாந்தில் புனித பிரிஜிட் பெயரில் பிப்ரவரி தொடக்கத்தில் அரசு விடுமுறை. பெண் ஒருத்தியின் பெயரில் அங்கே விடப்பட்ட முதல் விடுமுறை அது. தெய்வத்துக்கு விடுமுறை கிடைத்துவிட்டது.

டூவம் நகரத்தில் 1925 முதல் 1961 வரை நடந்த தாய்சேய் இல்லத்தில் இறந்த குழந்தைகளின் பெயர்களை, உள்ளூர் வரலாற்று ஆர்வலரான காதரின் கார்லெஸ் இறப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கித் திரட்டினார். 796 பெயர்கள். 2014இல் அது உலகச் செய்தியானது. 2025 ஜூலையில் அந்த இடத்தைத் தோண்டும் வேலை தொடங்கியது. இப்படிப்பட்ட இல்லங்களிலிருந்து 1940களுக்கும் 1970களுக்கும் இடையில் 2000க்கும் மேற்பட்ட குழந்தைகள் அமெரிக்கத் தம்பதிகளுக்குத் தத்து அனுப்பப்பட்டார்கள். வெளிநாட்டில் வளரப்போகிற குழந்தைக்கு ஐரிஷ் பெயர் என்ற நம் விசயம் அங்கே தலைகீழாக நடந்தது: குழந்தை போனது, பெயர் இங்கேயே தங்கிவிட்டது. 2022இல் இயற்றப்பட்ட பிறப்புத் தகவல் சட்டம் அந்த ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 60, 70 வயதில் நியூஜெர்சியிலிருந்தோ டெக்சாசிலிருந்தோ விண்ணப்பிக்கிறவருக்கு இப்போது முதல் பிறப்புச் சான்றிதழின் நகல் கிடைக்கிறது. தாயின் பெயரும், தத்துக் கொடுக்கும் முன்பு குழந்தைக்கு இருந்த பெயரும், பெரும்பாலும் ஆங்கிலத்தில், மேலே கோடு எதுவுமில்லாமல், அதில் இருக்கின்றன.